10 ஆண்டு, 40 நாள்: டெலிபோன் ஆபரேட்டர் கேத்லீன் ஃபெரியர் உலகப் பாடகி ஆனது எப்படி?

உங்கள் ரெஸ்யூமேயை ஒரு நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். எங்கே படித்தீர்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள், எத்தனை கம்பெனி மாறினீர்கள், நடுவில் எத்தனை மாசம் இடைவெளி. பார்த்தாச்சா?

இப்போது இன்னொரு ரெஸ்யூமே. 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. அடுத்த 9 ஆண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. 23 வயதில் கல்யாணம், அதோடு வேலையும் போனது. பிறகு ஒரு கடலோரச் சிற்றூரில் பியானோ டியூஷன். இசைக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. 30 வயதில் தலைநகருக்குக் குடிமாற்றம்.

இந்த ரெஸ்யூமேக்குச் சொந்தக்காரர் கேத்லீன் ஃபெரியர். பிரிட்டனைச் சேர்ந்தவர். 20ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய செவ்வியல் இசையில் ரசிகர்கள் மிக நேசித்த பெண் குரல்களில் ஒன்று இவருடையது. லண்டனில் அவர் முதல் கச்சேரி செய்தது 1942 டிசம்பர் 28. கடைசியாக மேடையில் பாடியது 1953 பிப்ரவரி 6. கணக்குப் போட்டால் 10 ஆண்டு, 40 நாள். அவ்வளவுதான் மொத்தமே.

இவ்வளவு குறைந்த காலத்தில் ஒருவர் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? திறமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான். கச்சேரிப் பாடகருக்கு மாசச் சம்பளம் கிடையாது, நிரந்தரப் பதவி கிடையாது. யாராவது கூப்பிட வேண்டும். பாடி முடித்ததும் மறுபடி கூப்பிட வேண்டும். ஃபெரியரை யார் கூப்பிட்டார்கள், ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று பின்தொடர்ந்தால் மீதிப் பாதி பதில் கிடைக்கும்.

ஆலை ஊரில் ஓர் அரசு வேலை

ஃபெரியர் 1912 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஹையர் வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா வில்லியம் பள்ளித் தலைமையாசிரியர். கேத்லீன் சின்னக் குழந்தையாக இருந்த காலத்திலேயே குடும்பம் பக்கத்தில் உள்ள பிளாக்பர்ன் நகருக்கு மாறியது.

பிளாக்பர்ன் என்ற பெயருக்கும் இந்தியாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இந்தியச் சந்தைக்காக வேட்டித் துணி நெய்து அனுப்பிய ஊர் அது. முதல் உலகப்போருக்குப் பிறகு அந்த வியாபாரம் சரியத் தொடங்கியது. 1931 செப்டம்பரில், வேலையிழந்த நெசவுத் தொழிலாளர்களைச் சந்திக்க காந்தி லங்காஷயருக்குப் போனாரே, அப்போது அவர் சென்ற டார்வென், பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊர்தான்.

ஆலைகள் தடுமாறும் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பம் என்ன யோசிக்கும்? நம் வீடுகளில் யோசிப்பதைத்தான். நிலையான வேலை, முடிந்தால் அரசு வேலை. அப்பா ஓய்வு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், கையில் பணம் இல்லை. 1926இல், 14 வயது கேத்லீனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தபால் துறை நடத்திய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயிற்சி ஊழியராகச் சேர்த்தார்கள்.

அந்தப் பெண் நன்றாகப் பியானோ வாசிப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. பகலில் இணைப்புக் கொடுப்பது, மாலையில் பியானோ என்று வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. 1928இல் இளம் பியானோ கலைஞர்களுக்கான நாடு தழுவிய போட்டியில் தன் வட்டாரத்தில் ஜெயித்து, ஒரு பியானோவையே பரிசாக வாங்கினார். 1930இல் மான்செஸ்டர் வானொலியில் வாசித்தார். உள்ளூர்ப் பாடகர்களுக்குத் துணைக்கு வாசிப்பவர் என்று பெயர் வந்தது. பாடுவது? அது சும்மா, சர்ச்சில் எப்போதாவது.

இங்கே ஒரு வேடிக்கை. 1935இல் தபால் துறை, தொலைபேசியில் மணி சொல்லும் சேவைக்காக நல்ல குரல் ஒன்றைத் தேடியது. ஊழியர்களிடையே போட்டி நடந்தது. ஃபெரியரும் கலந்துகொண்டார். தேர்வாகவில்லை! சில ஆண்டுகளில் ஐரோப்பாவே தேடி வரப்போகும் குரல், மணி சொல்வதற்குக்கூடச் சரிப்பட்டு வரவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் வங்கி ஊழியரான ஆல்பர்ட் வில்சனைத் திருமணம் செய்துகொண்டார். திருமணமான பெண்கள் அந்தத் துறையில் தொடரக் கூடாது என்று விதி. 9 ஆண்டு அனுபவம், நல்ல பெயர், எதுவும் கணக்கில் வரவில்லை. தாலி ஏறியதும் நாற்காலி போச்சு என்று சொல்வோமே, அங்கே மோதிரம். பிரிட்டன் அரசுப் பணியில் இந்தத் தடை 1946 வரை நீடித்தது.

ஒரு ஷில்லிங் பந்தயம்

கணவருக்கு வேலை கிடைத்த சில்லோத் என்ற சின்னத் துறைமுக ஊருக்குத் தம்பதி குடிபோனார்கள். ஃபெரியர் பியானோ சொல்லிக்கொடுத்தார்.

வடக்கு இங்கிலாந்தில் அப்போது ஊருக்கு ஊர் இசைப் போட்டிகள் நடக்கும். 1937 மார்ச்சில் கார்லைல் நகரப் போட்டிக்குப் பியானோ பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். பாட்டுப் பிரிவிலும் சேர உனக்குத் தைரியம் வராது என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். ஃபெரியர் சேர்ந்தார். பியானோவிலும் முதல் பரிசு, பாட்டிலும் முதல் பரிசு. ஒட்டுமொத்தச் சாம்பியனுக்கான கோப்பையும் அவருக்கே.

ஒரு ஷில்லிங் என்பது பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. ஃபெரியரின் பாட்டு வருமானத்தை யாராவது பட்டியல் போட்டால் அதை முதல் வரியில் எழுத வேண்டும்.

அதன் பிறகு உடனே கதவு திறந்துவிடவில்லை. இன்னும் சில போட்டிகள், சின்னச் சின்ன ஊர்க் கச்சேரிகள், ஒரு வானொலி நிகழ்ச்சி. 1939இல் ஜே. இ. ஹட்சின்சன் என்ற ஆசிரியரிடம் முறையாகக் குரல் பயிற்சி தொடங்கினார். அப்போது வயது 27. நம்மில் பலர் இனிமேல் என்ன புதுசாகக் கற்றுக்கொள்வது என்று யோசிக்கத் தொடங்கும் வயது.

போர் வந்தது, வேலையும் வந்தது

1939இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. கணவர் ராணுவத்துக்குப் போனார். அந்தத் திருமணம் மீண்டும் ஒட்டவில்லை. 1947இல் சட்டப்படி ரத்தானது.

போர்க்காலத்தில் மக்கள் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இசை மற்றும் கலைகளை ஊக்குவிக்க 1940இல் ஓர் அமைப்பு உருவானது. பின்னாளில் அதுவே பிரிட்டனின் ஆர்ட்ஸ் கவுன்சில் ஆனது. தொழிற்சாலை, சுரங்கக் கிராமம், ராணுவ முகாம் என்று மக்கள் இருக்கும் இடத்துக்கே இசைக் கலைஞர்களை அனுப்புவதுதான் அதன் வேலை. பிறகு ஃபெரியரும் அந்தக் குழுக்களில் பாடத் தொடங்கினார்.

எப்படிப்பட்ட மேடைகள் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். சுருதி சரியில்லாத பியானோ. குளிர். நடுவில் விளக்கணைப்பு ஊரடங்கில் ரயில் பிடித்து அடுத்த ஊர். பாக் என்றால் யார், ஹேண்டல் என்றால் யார் என்று தெரியாதவர்களையும் கட்டிப்போட வேண்டும். கல்லூரியில் நாலு ஆண்டு படித்துக் கிடைக்காத ஒரு பாடம் இங்கே கிடைத்தது: முன்னால் இருப்பவர் யாராக இருந்தாலும், அவருக்காகப் பாடுவது.

நாலு பேர் தேவை, அதில் ஒருவர் நீங்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்தத் தொழில் எப்படி ஓடியது என்று பார்த்துவிடலாம். அப்போதுதான் அடுத்து நடந்தது புரியும்.

ஆரட்டோரியோ என்று ஒரு வடிவம் உண்டு. பெரும்பாலும் பைபிள் கதை ஒன்றை இசையாகச் சொல்வது. வேஷம் கிடையாது, செட் கிடையாது, நடிப்பு கிடையாது. பெரிய கோரஸ், ஆர்கெஸ்ட்ரா, முன்வரிசையில் வழக்கமாக நான்கு தனிப்பாடகர்கள். பெண் குரலில் உச்சம் சொப்ரானோ, தாழ்ந்தது காண்ட்ரால்ட்டோ. ஆண் குரலில் உச்சம் டெனர், தாழ்ந்தது பேஸ். ஹேண்டல் 1741இல் எழுதிய மெசையா இதில் பிரபலமானது. நமக்கு மார்கழியில் சபா சீசன் மாதிரி, பிரிட்டனில் டிசம்பர் வந்தால் ஊர் ஊராக மெசையா.

லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலை ஊர்களில் இதற்கென்றே கோரஸ் சங்கங்கள் இருந்தன. ஹடர்ஸ்ஃபீல்டு கோரஸ் சங்கம் 1836இல் தொடங்கப்பட்டது. ஆலைத் தொழிலாளி, கிளார்க், டீச்சர், கடைக்காரர் எல்லாம் வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வருவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆசைக்குப் பாடுபவர்கள். பணம் யாருக்கு? நடத்துநருக்கும், வெளியிலிருந்து வரும் நான்கு தனிப்பாடகர்களுக்கும், வாத்தியக்காரர்களுக்கும்.

தனிப்பாடகர்கள் யார் என்பதில் நடத்துநரின் சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவர் ஒருத்தரே பல ஊர்க் கோரஸ்களை நடத்துவார். ஒரு நடத்துநருக்குப் பிடித்துவிட்டால் ஐந்து ஊரில் வேலை கிடைக்கும். அதோடு நல்ல காண்ட்ரால்ட்டோ எப்போதுமே குறைவு. சொப்ரானோக்கள் வரிசையில் நிற்பார்கள். ஆழமான பெண் குரலைத் தேட வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், டிமாண்ட் இருந்தும் சப்ளை இல்லாத இடம்.

ஃபெரியரின் குரல் அந்த இடத்துக்கே செய்தது போல இருந்தது. அடிக்குரலில் இருள், ஆனால் கனம் இல்லை. எந்த வரியும் தெளிவாகக் கேட்கும்.

30 வயதில் லண்டன்

1942 மே மாதம் மான்செஸ்டரில் மால்கம் சார்ஜென்ட்டின் முன்னால் பாடிக்காட்டும் வாய்ப்பு வந்தது. அப்போது பிரிட்டனின் கோரஸ் உலகில் சார்ஜென்ட்டைத் தாண்டி எதுவும் நடக்காது. லண்டனின் ராயல் கோரஸ் சங்கம் அவர் கையில், ஹடர்ஸ்ஃபீல்டும் அவர் கையில். அவருக்கு ஃபெரியரின் குரல் பிடித்தது. ஆனால் வடக்கிலேயே இருந்தால் பெரிய இடத்துக்கு வர முடியாது, லண்டனுக்குக் குடிவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். இப்ஸ் அண்ட் டில்லட் என்ற முன்னணிக் கச்சேரி ஏஜென்சிக்கும் அவரே பரிந்துரைத்தார்.

1942 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அக்கா வினிஃப்ரெட்டுடன் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார். அக்கா டீச்சர் வேலையில் இருந்தார். குண்டு விழும் ஊருக்கு, முப்பது வயதில், ஒரு ஏஜென்ட்டின் டைரியை நம்பி. நாலாவது நாள் நேஷனல் கேலரியில் மதிய நேரக் கச்சேரி. போர்க்காலத்தில் ஓவியங்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்ட அந்தக் கட்டடத்தில் தினமும் மதியம் கச்சேரி நடந்துவந்தது.

அதே மாசம் ஒரு கோரஸ் நிகழ்ச்சியில் அவரோடு பாடிய ராய் ஹெண்டர்சன், அடுத்து அவருடைய ஆசிரியரானார். ஹெண்டர்சன் பாடகர் மட்டுமல்ல, நாட்டிங்காமில் ஒரு கோரஸின் நடத்துநரும்கூட. ஃபெரியரின் தொண்டை அமைப்பே வழக்கத்தைவிட விசாலமானது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அமைப்பு இயற்கை கொடுத்தது. மற்றதெல்லாம் பயிற்சி. உலகப் புகழ் வந்த பிறகும் ஃபெரியர் அவரிடம் பாடம் கேட்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

1943 மே 17. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மெசையா. நடத்தியவர் ரெஜினால்ட் ஜாக்ஸ், லண்டன் பாக் கோரஸின் நடத்துநர். டெனராகப் பாடியவர் பீட்டர் பியர்ஸ். கேட்க வந்திருந்தவர்களில் பியர்ஸின் துணைவரான இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். இந்த மூன்று பெயர்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கச்சேரியின் பலன் அன்றைய கட்டணத்தோடு முடிவதில்லை.

வெளியிலிருந்து பார்க்க இது கவர்ச்சியான வேலை. உள்ளே வேறு கணக்கு. கச்சேரிக் கட்டணத்தில் ஏஜென்ட்டின் கமிஷன் கழியும். ரயில், விடுதி, உடை எல்லாம் கையிலிருந்து. தொண்டை கட்டினால் அன்றைக்கு வருமானம் இல்லை. பெரும்பாலான நாட்கள் ரயில் பெட்டியில்தான் கழியும். ஃபெரியர் அதைச் சிரித்தபடியே தாண்டினார். அவர் வீட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்தன. குறும்பும் கேலியும் நிரம்பியவை.

கையை எங்கே வைப்பது?

வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்ட அந்தக் குரலை பிரிட்டன் மறக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தன் புதிய ஓபராவில், லுக்ரீஷியா என்ற நாயகி வேடத்துக்கு ஃபெரியரை அழைத்தார். ஃபெரியருக்கு அப்போது 34 வயது. ஓபராவில் நடித்ததே இல்லை. கச்சேரியில் நின்ற இடத்தில் பாடலாம். ஓபராவில் நடக்க வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும். கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதே பெரிய பிரச்சினை.

1946 ஜூலை 12, க்ளைண்ட்போர்ன் அரங்கில் அந்த ஓபரா அரங்கேறியது. அடுத்த ஆண்டு அங்கேயே க்ளக்கின் ஆர்ஃபியோ. செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாள உலகம் வரை போகும் பாடகனின் கதை. ஆண் வேடம்தான், ஆனால் காண்ட்ரால்ட்டோக்கள் பாடுவது வழக்கம். வாழ்நாள் முழுக்க ஃபெரியர் ஓபரா மேடையில் ஏற்ற வேடங்கள் இந்த இரண்டு மட்டுமே. மற்ற நேரமெல்லாம் கச்சேரி மேடையும் கோரஸும்தான் அவருடைய இடம்.

எடின்பரோ, 1947

க்ளைண்ட்போர்ன் அரங்கின் மேலாளர் ருடால்ஃப் பிங், 1947இல் எடின்பரோ இசை விழாவைத் தொடங்கினார். அதற்கு வந்த பெரிய பெயர் புரூனோ வால்டர். யூதரான வால்டர், 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவர் ஆனார். அவர் பழைய வியன்னா பில்ஹார்மோனிக்கோடு மறுபடி சேரும் மேடை இது. நடத்தப்போவது மாலரின் பூமியின் பாடல். இரண்டு தனிக்குரல்கள், பெரிய ஆர்கெஸ்ட்ரா, சுமார் ஒரு மணி நேரம். மாலர் இறந்து சில மாதங்களில், 1911இல் அதை முதன்முதலில் மேடையேற்றியவரும் வால்டர்தான்.

பிங் ஃபெரியரின் பெயரைச் சொன்னார். வால்டர் பாடச் சொல்லிக் கேட்டார். தேடியது கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிப் பகுதி விடைபெறல். கிட்டத்தட்ட அரை மணி நேரம். முடிவில் என்றென்றும் என்ற பொருள்படும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து தேயும். எடின்பரோ மேடையில் அந்த இடம் வந்தபோது ஃபெரியரால் முடியவில்லை. கண்ணீர் தொண்டையை அடைத்துவிட்டது. பிறகு வால்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். இப்படி உணரக்கூடிய கலைஞர்கள் எல்லோரும் இருந்திருந்தால் மேடையில் இருந்த எல்லோருமே அழுதிருப்பார்கள் என்கிற அர்த்தத்தில் பெரியவர் தேற்றினார்.

1948 ஜனவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில், அதே வால்டர், அதே படைப்பு. 1949, 1950இலும் அமெரிக்கப் பயணம். ஆம்ஸ்டர்டாம், வியன்னா, சால்ஸ்பர்க் என்று ஐரோப்பா. பிரிட்டன் தன் வசந்த சிம்பனியை 1949இல் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேற்றியபோதும் பாடியவர்களில் ஃபெரியர் ஒருவர்.

சங்கிலியைத் திரும்பிப் பாருங்கள். சார்ஜென்ட்டால் ஏஜென்சி. ஜாக்ஸின் மெசையாவால் பிரிட்டன். பிரிட்டனால் க்ளைண்ட்போர்ன். அங்கிருந்த பிங்கால் வால்டர். ஒவ்வொரு கண்ணியும் முந்தைய வேலையை ஒழுங்காகச் செய்ததால் கிடைத்தது. அதே நேரம், எந்தக் கண்ணியையும் ஃபெரியரால் முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது.

இன்னொரு கண்ணி ஜான் பார்பிரோலி. மான்செஸ்டர் ஹாலே ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர். ஃபெரியரை அவர் பழகிய ஆரட்டோரியோவிலேயே விட்டுவிடாமல், பிரெஞ்சுப் பாடல்களைக் கற்கச் சொல்லி வற்புறுத்தியவர். 1951 பிப்ரவரியில் அவருடைய ஆர்கெஸ்ட்ராவோடு ஷோசோனின் ஒரு பிரெஞ்சுப் படைப்பை ஃபெரியர் பாடினார். நெருங்கிய நண்பரானார். கடைசி இரவிலும் அவர்தான் கோலைப் பிடித்திருந்தார்.

38 வயது, மார்ச் மாதம்

1951 ஜனவரியில் அப்பா இறந்தார். மார்ச்சில் ஃபெரியருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை. இன்னும் சில நாளில் 39ஆவது பிறந்தநாள்.

ஜூன் 19 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாக்கின் பி மைனர் மாஸில் பாடினார். சில வாரங்களில் ஹாலந்தில் ஆர்ஃபியோ. நவம்பரில், போரில் குண்டுவீச்சால் இடிந்து மறுபடி கட்டப்பட்ட மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலின் திறப்பு விழாவில் பாட்டு. 1952 ஜனவரியில் பிரிட்டன் ஃபெரியருக்காகவும் பியர்ஸுக்காகவும் எழுதிய புதிய படைப்பு. மே மாதம் வியன்னாவில் வால்டரோடு பூமியின் பாடல் பதிவு. அக்டோபரில் ஏட்ரியன் போல்ட்டோடு பாக், ஹேண்டல் பாடல்கள் பதிவு. நடுநடுவே மருத்துவமனை, கதிர்வீச்சு.

ஏன் நிறுத்தவில்லை? இந்தக் கேள்விக்கு ஒரு அழகான பதில் சொல்லிவிட ஆசை வரும். தேதிகளை மட்டும் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. நோய்க்கு முன்பும் பின்பும் அவர் டைரி ஒரே மாதிரிதான் இருக்கிறது. கூப்பிட்டார்கள், போனார். கொடுத்த தேதியைக் காப்பாற்றுவது என்பது எக்ஸ்சேஞ்ச் ஸ்விட்ச்போர்டிலிருந்தே அவரோடு வந்த பழக்கம். நோயைப் பற்றி வெளியில் சொல்லவே இல்லை.

1953 பிப்ரவரி 6

1953 புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் அவருக்கு சிபிஇ விருது அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் லண்டன் கோவென்ட் கார்டனில் ஆர்ஃபியஸ். ஆங்கிலத்தில், புதிய தயாரிப்பு. பார்பிரோலி நடத்த, ஃபிரெடெரிக் ஆஷ்டன் இயக்கம். நான்கு காட்சிகள் திட்டம். ஒத்திகைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார் ஃபெரியர்.

பிப்ரவரி 3, முதல் காட்சி. பெரிய வெற்றி.

பிப்ரவரி 6, இரண்டாவது காட்சி. இரண்டாம் அங்கத்தில் தொடை எலும்பு உடைந்தது. புற்றுநோய் எலும்புக்குள் பரவி அதை அரித்திருந்தது. அவரால் அசைய முடியவில்லை. மேடையில் இருந்தவர்கள் சட்டென்று புரிந்துகொண்டு, அவர் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், தாங்களே அவரைச் சுற்றி நகர்ந்தார்கள். அவர் நின்ற இடத்திலிருந்து பாடினார். கடைசி வரை பாடினார். திரை விழுந்த பிறகு கைதட்டலையும் ஏற்றுக்கொண்டார். அப்புறம் நேராக மருத்துவமனை.

பார்வையாளர்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மீதி இரண்டு காட்சிகள் ரத்தாயின. மூட்டுவலி என்று காரணம் சொல்லப்பட்டது.

அவர் மறுபடி மேடை ஏறவில்லை. 1953 அக்டோபர் 8 அன்று லண்டனில் இறந்தார். வயது 41. அவ்வளவு உடம்பு முடியாமல் இருந்தார் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

எண்களில் கேத்லீன் ஃபெரியர்

மொத்த ஆயுள்: 41 ஆண்டு.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்: 9 ஆண்டு.
கார்லைல் பந்தயம் முதல் லண்டன் முதல் கச்சேரி வரை: 5 ஆண்டு, 9 மாதம்.
லண்டன் முதல் கச்சேரி முதல் கடைசி மேடை வரை: 10 ஆண்டு, 40 நாள்.
அதில் நோய் தெரிந்த பிறகு பாடியது: 2 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.
ஓபரா மேடை வேடங்கள்: 2.

இந்தப் பட்டியலில் மூன்றாவது வரியைத்தான் நாம் வழக்கமாகத் தாண்டிப்போவோம். பந்தயத்துக்கும் லண்டனுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. ஆலைக் கேன்டீன், சர்ச் ஹால், ராத்திரி ரயில். பின்னால் வந்த பத்து ஆண்டுகளை அந்த ஆறு ஆண்டுகள்தான் தாங்கின.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மேற்கத்திய செவ்வியல் இசை பழக்கமில்லையா? பரவாயில்லை. 1949இல் பதிவான பிளோ த விண்ட் சதர்லி என்ற நாட்டுப்பாடலில் தொடங்குங்கள். துணைக்கு ஒரு வாத்தியம்கூட இல்லை. கடலுக்குப் போனவன் திரும்பி வரக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. பிறகு க்ளக்கின் ஆர்ஃபியஸிலிருந்து, மனைவியை இழந்தவன் பாடும் வாட் இஸ் லைஃப். மனசு தயாரானதும், ஒரு ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு, வால்டரோடு 1952இல் பதிவான பூமியின் பாடல். ரசிகர்கள் பலர் இன்றும் தேடிக் கேட்கும் பதிவு அது.

அவர் பெயரில் இளம் பாடகர்களுக்கான விருது 1956 முதல் வழங்கப்படுகிறது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டது.

கடைசியாக ஒரு பதிவு. 1952இல் போல்ட்டோடு பாடிய பாக், ஹேண்டல் பாடல்கள் மோனோவில் பதிவானவை. சில ஆண்டுகளில் ஸ்டீரியோ வந்துவிட்டது. பாடகி உயிரோடு இல்லை. டெக்கா நிறுவனம் 1960இல் ஒரு காரியம் செய்தது. அதே போல்ட்டையும் அதே லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையும் மறுபடி அழைத்து, பழைய பதிவில் இருக்கும் ஃபெரியரின் குரலுக்கு ஏற்றபடி வாத்தியங்களை மட்டும் புதிதாக வாசிக்கவைத்தது.

கச்சேரி மேடையில் நடத்துநர் கோலை அசைத்தால்தான் பாடகர் வாயைத் திறப்பார். அன்றைக்கு அது தலைகீழ். ஃபெரியர் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார். எங்கே மூச்சு வாங்குவார், எங்கே ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்துவார் என்று கவனித்து, 71 வயது போல்ட்டும் ஓர் ஆர்கெஸ்ட்ரா முழுவதும், இறந்து ஏழு ஆண்டான பிளாக்பர்ன் டெலிபோன் ஆபரேட்டரின் பின்னால் போனார்கள்.